டெப்பில் பாடம் பார்க்க எந்தச் செயலி?

கடந்த தவணைப் பரீட்சைக்கு இன்னும் ஒன்பது நாட்களே இருந்தன. சேதன இரசாயனப் பாடத்தின் பதிவு செய்யப்பட்ட காணொளி ஒன்றை டெப்பில் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். மஃரிப் தொழுதுவிட்டு உம்மா எனக்குத் தேநீர் கொண்டுவந்த அதே நேரத்தில் பாடம் தானாக நின்றது. திரை முழுவதையும் ஒரு விளம்பரம் மூடியது. அதிலிருந்த படத்தைப் பற்றி இங்கு எழுத முடியாது. மூலையிலிருந்த பெருக்கல் குறியை அவசரமாக அழுத்தினேன். அது மூடவில்லை. அதைவிட மோசமான வேறொரு பக்கம் திறந்தது.

உம்மா சத்தம் போடவில்லை. "இதா மகள் ஒங்கட கெமிஸ்ட்ரி?" என்று மட்டும் கேட்டார். தேநீரை மேசையில் வைத்தார். டெப் அலுமாரியின் மேல்தட்டுக்குப் போனது.

அன்றிரவு அழுதேன். நான் பார்த்துக்கொண்டிருந்தது பாடத்தைத்தான் என்று சொல்வதற்கு என்னிடம் ஒரு சாட்சியும் இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை நானா வீட்டுக்கு வந்தபோதுதான் டெப் கீழே இறங்கியது. பிழை எங்கே என்று கண்டுபிடிக்க அவருக்குப் பத்து நிமிடம்கூடச் செல்லவில்லை. பாடம் பார்ப்பதற்காக நான் தரவிறக்கி வைத்திருந்த இலவச வீடியோ பிளேயர் செயலிதான் அந்த விளம்பரத்தைக் கொண்டுவந்திருந்தது. "ஊட்டுத் தொறப்ப ஆரு எவரென்டு பாக்காம குடுத்திருக்கிறாய்" என்றார் நானா.

அவர் சொன்னது சரி. அந்தச் செயலியைத் தெரிவு செய்ய நான் எடுத்த நேரம் அரை நிமிடம். நட்சத்திரங்கள் நிறைய இருந்தன, பெயர் அழகாக இருந்தது, அவ்வளவுதான். பெருநாளைக்கு ஒரு சோடிச் செருப்பு வாங்க நான்கு கடை ஏறி இறங்கும் நாம், நமது படங்கள், பாடங்கள், குடும்பத்தின் நம்பிக்கை எல்லாம் இருக்கும் டெப்புக்குள் ஒரு செயலியை விடும்போது எதையும் விசாரிப்பதில்லை. அன்று நானாவும் உம்மாவும் நானும் உட்கார்ந்து விசாரித்ததையும், அதன் பின்னர் நான் தேடிப் படித்ததையும் சகோதரிகளுக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் இங்கே எழுதுகிறேன்.

பிளேயர் எப்போது தேவை?

யூடியூபில் பார்க்கும் பாடத்துக்குத் தனியான பிளேயர் வேண்டியதில்லை. யூடியூப் செயலியே அதைக் காட்டும். ஸூம் மூலம் நேரடியாக நடக்கும் வகுப்பும் அப்படித்தான். கோப்பு நம் கையில் இருக்கும்போதுதான் பிளேயர் தேவைப்படுகிறது. ஆசிரியர் பென் டிரைவில் தந்த பதிவு, வட்ஸ்அப் குழுவில் வந்த செய்முறை விளக்கம், மெமரி கார்டில் சேமித்த பழைய வகுப்புகள் ஆகியவை இந்த வகை.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு இப்படிப் பாடங்களைக் கோப்பாக வைத்திருப்பது நம் வீடுகளில் சாதாரணமாகிவிட்டது. 2022இல் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை நீண்ட நாட்களில், ரூட்டர் அணைந்த பின்னரும் டெப்பில் சார்ஜ் இருந்தால் கோப்பாக வைத்திருந்த பாடத்தைப் பார்க்க முடிந்தது.

காசுக் கணக்கும் இதில் உண்டு. ஒரு செக்கனுக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் பதிவான ஒரு மணித்தியாலக் காணொளி 450 மெகாபைட் இடம் பிடிக்கும். அதை இணையத்தில் நான்கு தடவை பார்த்தால் 1,800 மெகாபைட் டேட்டா செலவாகும். ஒரு தடவை இறக்கி வைத்துக்கொண்டு நான்கு தடவை பார்த்தால் செலவு அந்த 450 மட்டுமே. இதே கணக்கில் 32 ஜிகாபைட் மெமரி கார்டில் ஏறத்தாழ 70 மணித்தியாலப் பாடங்களை அடக்கலாம்.

சில கோப்புகள் திறக்காதது ஏன்?

"இந்தக் கோப்பை இயக்க முடியாது" என்ற வாசகத்தைப் பார்க்காதவர் நம்மில் குறைவு. அதன் காரணத்தை விளங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

கடையில் வாங்கும் சோற்றுப் பார்சலை நினைத்துப் பாருங்கள். வெளியே எல்லாம் ஒரே மாதிரித் தாள். உள்ளே சோறு, கறி, சம்பல் இருக்கும். தாளைப் பார்த்து உள்ளே கோழியா மீனா என்று சொல்ல முடியாது. காணொளிக் கோப்பும் ஒரு பார்சல்தான். கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் எம்பி4, எம்கேவி, ஏவிஐ என்பவை வெளித்தாள். உள்ளே படம் ஒன்றாக, ஒலி ஒன்றாக, சிலவற்றில் வசன வரிகள் இன்னொன்றாகச் சுற்றி வைக்கப்பட்டிருக்கும். எம்கேவியின் முழுப்பெயர் மெட்ரொஸ்கா. ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் ரஷ்ய மரப்பொம்மையின் பெயரிலிருந்து வந்த பெயர் அது.

உள்ளே இருக்கும் படமும் ஒலியும் சுருக்கப்பட்டே இருக்கும். ஆசிரியர் வேகமாகச் சொல்லும்போது நாம் சொற்களைச் சுருக்கி எழுதுகிறோம் அல்லவா? என் சுருக்கெழுத்து எனக்கு விளங்கும், பக்கத்திலிருக்கும் தோழிக்கு விளங்காது. காணொளியைச் சுருக்கும் முறைக்கும் அதை விரிக்கும் முறைக்கும் சேர்த்து கோடெக் என்று பெயர். எச்.264 என்ற முறை 2003இல் வெளியானது. இன்றைக்கும் பெரும்பாலான டெப்கள் இதைச் சிரமமின்றிப் படிக்கும். 2013இல் வந்த எச்.265, அதே தெளிவை ஏறத்தாழ அரைவாசி அளவில் தரக்கூடியது. 2018இல் வந்த ஏவி1 இன்னும் சிக்கனமானது. ஆனால் புதிய முறையில் சுருக்கிய கோப்பு பழைய டெப்பில் தடுமாறலாம். அன்ட்ரொய்ட் தனது 5ஆம் பதிப்பில்தான் எச்.265ஐயும், 10ஆம் பதிப்பில்தான் ஏவி1ஐயும் ஆதரிக்கத் தொடங்கியது.

ஆகவே நோயை அறிகுறியால் கண்டுபிடிக்கலாம். ஒலி கேட்கிறது, படம் கறுப்பாக இருக்கிறது என்றால் படத்தின் கோடெக்கை அந்த பிளேயர் படிக்கவில்லை. படம் ஓடுகிறது, ஒலி இல்லை என்றால் ஒலியின் கோடெக்கில் பிரச்சினை. கோப்பு திறக்கவே இல்லை என்றால் வெளித்தாளைத் தெரியவில்லை, அல்லது கோப்பு முழுமையாக இறங்கவில்லை. கோப்பின் பெயரில் எம்கேவி என்பதை எம்பி4 என்று மாற்றி எழுதிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அது பார்சலின் தாளில் 'கோழி' என்று எழுதினால் உள்ளே உள்ள மீன் கோழியாகும் என்று எதிர்பார்ப்பது போன்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை. "உங்கள் கோடெக் பழையதாகிவிட்டது, புதுப்பிக்க இங்கே அழுத்துங்கள்" என்று இணையப் பக்கங்களில் வரும் அறிவித்தல்களை நம்பவேண்டாம். வேண்டாத செயலிகளை உள்ளே நுழைக்கும் பழைய தந்திரம் அது. ஒரு பிளேயருக்குக் கோப்பு விளங்கவில்லை என்றால், செயலிகளின் உத்தியோகபூர்வக் கடையில் நல்ல பிளேயர் ஒன்றை இறக்குவதுதான் வழி.

டெப் ஏன் சூடாகிறது?

ஒரே காணொளி ஒரு பிளேயரில் வழுக்கிக்கொண்டு ஓடும், இன்னொன்றில் திக்கித் திக்கி ஓடி டெப்பையும் சூடாக்கும். இதற்கும் காரணம் உண்டு. டெப்பின் சிப்புக்குள் காணொளியை விரிப்பதற்கென்றே தனியான ஒரு பகுதி இருக்கிறது. அந்தப் பகுதியைக் கொண்டு விரித்தால் வேலை இலகு, பேட்டரியும் மிச்சம். இதை வன்பொருள் விரிப்பு என்பர். அதைப் பயன்படுத்தாமல் பொதுவான செயலாக்கியே எல்லாவற்றையும் கணக்கிட்டு விரித்தால் அது மென்பொருள் விரிப்பு. தையல் இயந்திரம் இருக்கும்போது முழுச் சட்டையையும் கையால் தைப்பதற்கு ஒப்பானது அது. தைக்கலாம், ஆனால் விரல் வலிக்கும்.

நல்ல பிளேயரின் செட்டிங்ஸில் இவ்விரண்டையும் மாற்றும் வசதி இருக்கும். வழமையாக வன்பொருளில் வைத்திருங்கள். படம் பச்சையாகவோ சதுரம் சதுரமாக உடைந்தோ தெரிந்தால் மட்டும் மென்பொருளுக்கு மாற்றிப் பாருங்கள். பழைய டெப்பை வீசிவிட்டுப் புதிது வாங்க நினைக்கும் பெற்றோர், முதலில் இந்த ஒரு மாற்றத்தைச் செய்து பார்ப்பது நல்லது.

மாணவிக்கு வேண்டிய வசதிகள்

படம் பார்ப்பவருக்கு வேண்டியதும் பாடம் படிப்பவருக்கு வேண்டியதும் ஒன்றல்ல. என் அனுபவத்தில் கீழ்வரும் ஆறும் முக்கியமானவை.

முதலாவது, விட்ட இடத்திலிருந்து தொடர்வது. இரண்டு மணித்தியாலப் பாடத்தை நாம் ஒரே மூச்சில் பார்ப்பதில்லை. தொழுகைக்கு எழும்புவோம், தம்பியின் அழுகைக்கு எழும்புவோம். திரும்பி வந்து திறக்கும்போது 47ஆவது நிமிடத்தில் நிற்க வேண்டும், ஆரம்பத்தில் அல்ல.

இரண்டாவது, வேகத்தை மாற்றுவது. 1.25 மடங்கில் ஓடவிட்டால் ஒரு மணித்தியாலப் பாடம் 48 நிமிடத்தில் முடியும். 1.5 மடங்கில் 40 நிமிடம். தரமான பிளேயர்கள் வேகத்தைக் கூட்டினாலும் குரல் கீச்சென்று மாறாமல் பார்த்துக்கொள்ளும். ஏற்கெனவே படித்ததை மீட்டும்போது மட்டும் நான் வேகத்தைக் கூட்டுகிறேன். புதிய பாடத்தை வேகமாக ஓடவிட்டு, பிறகு இரண்டு தடவை பின்னால் சென்று பார்த்தால் மிச்சமான நேரம் அதில் போய்விடும்.

மூன்றாவது, பத்துச் செக்கன் பின்னால் செல்வதும் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவதும். ஒரு தாக்கத்தின் பொறிமுறையைப் படியும்போது இதைவிடப் பயனுள்ள வசதி இல்லை.

நான்காவது, திரையை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் கேட்பது. இஸ்லாமிய வரலாறு, தமிழிலக்கிய விளக்கம், பயான் போன்றவற்றுக்குத் திரை தேவையில்லை. பேட்டரியில் பெரும்பகுதியைத் தின்பது திரைதான். கண்ணுக்கும் ஓய்வு கிடைக்கும்.

ஐந்தாவது, ஒலியைக் கூட்டுவது. வகுப்பறைப் பதிவுகளில் மின்விசிறியின் இரைச்சல்தான் ஆசிரியரின் குரலைவிடப் பலமாகக் கேட்கும். சில பிளேயர்கள் ஒலியை நூறு வீதத்துக்கு மேலும் உயர்த்தித் தரும். ஆனால் ஹேண்ட்ஸ்பிரீ காதில் இருக்கும்போது இதைச் செய்யாதீர்கள். அடுத்த காணொளி உரத்த ஒலியில் ஆரம்பித்தால் பாதிக்கப்படுவது உங்கள் காதுதான்.

ஆறாவது, தமிழ் வசன வரிகள். வரிகள் கேள்விக்குறிகளாகவும் பெட்டிகளாகவும் தெரிந்தால், வசனக் கோப்பு யூனிகோட் முறையில் சேமிக்கப்படாமல் இருக்கலாம், அல்லது பிளேயரிடம் தமிழ் எழுத்துரு இல்லாமல் இருக்கலாம். 'கொ' என்ற எழுத்தின் கொம்பும் காலும் உரிய இடத்தில் தெரிகின்றனவா என்று பாருங்கள். அது சரியென்றால் மற்றவையும் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

இலவசம் என்றால் யாருடைய செலவில்?

ஒரு செயலியை எழுதுவதற்கு ஆட்கள் உழைக்கிறார்கள். அதை இலவசமாகத் தந்தால், அந்த உழைப்புக்கான செலவு எங்கிருந்தோ வரவேண்டும். எனக்குத் தெரிந்தவரை நான்கு வழிகள் உண்டு. ஒன்று, நன்கொடையும் தன்னார்வ உழைப்பும். இரண்டு, கட்டணப் பதிப்பை விற்பது. மூன்று, விளம்பரம். நான்கு, பாவனையாளரைப் பற்றிய தகவலைச் சேர்த்துப் பயன்படுத்துவது. முதலிரண்டும் வெளிப்படையானவை. பின்னிரண்டுக்கும் நாம் காசுக்குப் பதிலாக வேறொன்றைக் கொடுக்கிறோம்.

எல்லா விளம்பரமும் கெட்டதல்ல. எல்லா விளம்பரச் செயலியும் மோசடியுமல்ல. ஆனால் எந்த நேரத்தில், எந்தப் படம், யார் முன்னால் வரும் என்பது நம் கையில் இல்லை. ஒரு பெண்பிள்ளை படிக்கும் அறையில், அவளது சின்னத் தம்பி பக்கத்தில் இருக்கும்போது, அந்தத் தீர்மானத்தை முகம் தெரியாத ஒருவரிடம் விடலாமா என்பதே கேள்வி.

கடையில் ஒவ்வொரு செயலியின் பெயருக்கும் கீழே 'விளம்பரங்கள் உள்ளன' என்ற சிறு குறிப்பு இருந்தால் அது ஆங்கிலத்தில் தெரியும். நட்சத்திரங்களைப் பார்க்கும் முன் அதைப் பாருங்கள். நட்சத்திரம் எத்தனை என்பதைவிட, ஒரு நட்சத்திரம் மட்டும் கொடுத்தவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதை வாசியுங்கள். நான் அன்று வாசித்திருந்தால் அந்தச் செயலியை இறக்கியிருக்க மாட்டேன். என் அனுபவத்தையே இருவர் எழுதியிருந்தார்கள்.

திறப்பைக் கொடுக்கும் முன்

செயலியைத் திறந்தவுடன் அது அனுமதி கேட்கும். நாம் வாசிக்காமல் 'சரி' என்று அழுத்துவோம். ஒரு பிளேயருக்கு உண்மையில் தேவையானது காணொளிகளையும் ஒலிக் கோப்புகளையும் வாசிக்கும் அனுமதி மட்டுமே. தொலைபேசி இலக்கங்கள் எதற்கு? நாம் இருக்கும் இடம் எதற்கு? கேமரா எதற்கு? பாடத்தைக் காட்டுபவருக்கு இவை தேவையில்லை. கேட்டால் மறுத்துவிடுங்கள். மறுத்தால் வேலை செய்யமாட்டேன் என்று அடம்பிடிக்கும் செயலியை நீக்கிவிடுங்கள்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விடயம் இருக்கிறது. படங்களை வாசிக்க அன்ட்ரொய்ட் செயலிகள் நம்மிடம் அனுமதி கேட்கின்றன. ஆனால் இணையத்தோடு தொடர்புகொள்ள அவை நம்மிடம் அனுமதி கேட்பதில்லை. அது நிறுவும்போதே தானாகக் கிடைத்துவிடுகிறது. ஆகவே படங்களை வாசிக்கும் அனுமதி பெற்ற ஒரு செயலி நேர்மையற்றதாக இருந்தால், அவற்றை வெளியே அனுப்பவும் அதனால் முடியும். நமது டெப்களில் பாடங்கள் மட்டுமா இருக்கின்றன? வீட்டுக்குள் பர்தா இல்லாமல் எடுத்த படங்கள், ராத்தாவின் கல்யாண வீட்டுப் படங்கள், உம்மும்மாவின் மருத்துவ அறிக்கைகள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. வீட்டுக்கு அந்நிய ஆண் வந்தால் கதவுக்குப் பின்னால் நின்று பேசும் நாம், இந்தக் கதவை அகலத் திறந்து வைத்திருக்கிறோம்.

2022இல் வந்த அன்ட்ரொய்ட் 13 முதல், படங்களும் காணொளிகளும் ஓர் அனுமதியாகவும், இசையும் ஒலியும் வேறோர் அனுமதியாகவும் பிரிக்கப்பட்டுள்ளன. 2023இல் வந்த 14இல் எல்லாவற்றையும் திறந்துவிடாமல், நாம் தெரிவுசெய்யும் படங்களையும் காணொளிகளையும் மட்டும் காட்டவும் முடிகிறது. உங்கள் டெப் பழையதாக இருந்தால் இந்த வசதி இருக்காது. அப்போது குடும்பப் படங்களை வேறோர் இடத்துக்கு மாற்றிவிட்டு டெப்பைப் படிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. ஏற்கெனவே கொடுத்த அனுமதிகளை செட்டிங்ஸில் உள்ள செயலிகள் பகுதிக்குச் சென்று எப்போது வேண்டுமானாலும் மீளப் பெறலாம்.

சில செயலிகள்

முதலில் டெப்போடு வந்த பிளேயரையே பாருங்கள். வட்ஸ்அப் காணொளிக்கும் சாதாரண எம்பி4 கோப்புக்கும் அது பெரும்பாலும் போதும். போதுமென்றால் வேறு எதுவும் இறக்க வேண்டியதில்லை. இறக்காத செயலியால் எந்தக் கெடுதியும் வராது.

அது போதவில்லை என்றால் எனது முதல் தெரிவு விஎல்சி. செம்மஞ்சளும் வெள்ளையும் கலந்த வீதிக் கூம்புதான் அதன் அடையாளம். 1996இல் பிரான்ஸின் எக்கோல் சென்ட்ரால் பரிஸ் கல்வி நிறுவனத்தின் மாணவர்கள் தங்கள் வளாக வலையமைப்பில் காணொளி பார்ப்பதற்காக ஆரம்பித்த வேலை அது. 2001இல் நிரல் முழுவதும் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இன்று வீடியோலேன் என்ற இலாப நோக்கமற்ற அமைப்பு அதைப் பேணி வருகிறது. 2025 ஜனவரியில் அதன் தரவிறக்கங்கள் 600 கோடியைத் தாண்டியதாக அவ்வமைப்பு அறிவித்தது. மாணவர்கள் தங்கள் தேவைக்காகச் செய்த ஒன்று உலகத்துக்கே பயன்படுகிறது என்பதை நினைத்தால் நமக்கும் ஆசை வருகிறது.

விஎல்சியில் விளம்பரம் இல்லை, கணக்கு ஆரம்பிக்கவும் தேவையில்லை. மேலே சொன்ன தொடர்தல், வேகம், ஒரு பகுதியைத் திரும்ப ஓடவிடல், ஒலி மட்டும் கேட்டல், ஒலியைக் கூட்டல் ஆகிய அனைத்தும் உண்டு. பெரும்பாலான கோடெக்குகளைத் தன்னுடனேயே கொண்டுவருகிறது. குறையும் உண்டு. வசதிகள் மெனுவுக்குள் மெனுவாக ஒளிந்திருக்கும், பழகச் சில நாட்கள் எடுக்கும். முதல் தடவை திறக்கும்போது எல்லாக் கோப்புகளையும் தேடிப் பட்டியலிடுவதால் பழைய டெப்பில் கொஞ்சம் தாமதிக்கும்.

எம்எக்ஸ் பிளேயர் பலருக்குத் தெரிந்தது. விரலைத் திரையில் இழுத்து ஒலியையும் வெளிச்சத்தையும் மாற்றுவது அதில் மிக இலகு. சின்னப் பிள்ளைகள் திரையைத் தொட்டாலும் காணொளி மாறாதபடி பூட்டும் வசதியும் உண்டு. ஆனால் இலவசப் பதிப்பு விளம்பரத்தோடு வருகிறது. விளம்பரம் வேண்டாதவர்கள் கட்டணப் பதிப்பை வாங்க வேண்டும். டொல்பி, டீடீஎஸ் போன்ற சில ஒலி முறைகளுக்கு உரிமச் சிக்கல் காரணமாக நீண்ட காலமாகவே அதில் தனியாக கோடெக் கோப்பு சேர்க்க வேண்டியிருந்தது.

எளிமையை விரும்புபவர்களுக்கு ஜஸ்ட் பிளேயர் என்றொரு சிறிய செயலி இருக்கிறது. இதன் நிரலும் திறந்தது, விளம்பரம் இல்லை. ஐபேட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அதனுடன் வரும் பிளேயர் எம்பி4ஐ இயக்கும், எம்கேவியை இயக்காது. ஐபேடுக்கும் விஎல்சி இலவசமாகக் கிடைக்கிறது.

பிரபலமான செயலிகளின் பெயரையும் அடையாளத்தையும் ஒத்த போலிகளும் உண்டு. பெயருக்குக் கீழே உள்ள உருவாக்குநர் பெயரைப் பார்த்து உறுதிப்படுத்துங்கள். கூகுள் பிளே ஸ்டோரில் விஎல்சியின் கீழ் வீடியோலேப்ஸ் என்றும், ஆப்பிளின் கடையில் வீடியோலேன் என்றும் ஆங்கிலத்தில் இருக்கும்.

சில வகுப்புகளின் பதிவுகள் பூட்டப்பட்டு, அவர்களது செயலியில் மட்டும் திறக்கும்படி தரப்படுகின்றன. அவற்றை எந்த பிளேயரும் திறக்காது. திறக்கும் குறுக்குவழியைத் தேடவும் வேண்டாம். அது ஆசிரியரின் உழைப்பு, அதில் அவருக்கு ஹக் இருக்கிறது.

பதினைந்து நிமிடப் பரிசோதனை

எந்தச் செயலி நல்லது என்று நான் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம். டெப்கள் வேறுபடும், கோப்புகளும் வேறுபடும். உங்கள் டெப்பிலேயே இப்படிச் சோதித்துப் பாருங்கள்.

1. உங்களிடம் உள்ளவற்றில் ஆகப் பெரிய பாடக் கோப்பை எடுத்து ஓடவிடுங்கள். படமும் ஒலியும் ஒன்றாகச் செல்கின்றனவா, ஆசிரியரின் உதடும் குரலும் பொருந்துகின்றனவா என்று கவனியுங்கள்.

2. நடுப்பகுதிக்குத் தாவுங்கள். இரண்டு மூன்று செக்கனுக்குள் ஓடத் தொடங்க வேண்டும்.

3. வேகத்தை 1.5 ஆக்குங்கள். குரல் விளங்குகிறதா?

4. செயலியை முற்றாக மூடிவிட்டு மீண்டும் திறவுங்கள். விட்ட இடம் நினைவிருக்கிறதா?

5. டெப்பை விமானப் பயன்முறைக்கு மாற்றிவிட்டுத் திறவுங்கள். நம்மிடம் உள்ள கோப்பை இயக்க இணையம் எதற்கு? இணையமின்றி இயங்க மறுக்கும் பிளேயர் நமக்குத் தேவையில்லை.

6. இணையத்தை மீண்டும் இணைத்துப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். விளம்பரம் வந்தால் இப்போதே வரட்டும். கையால் பின்புறத்தைத் தொட்டுப் பார்த்து, எவ்வளவு சூடாகிறது என்றும் அறிந்துகொள்ளுங்கள்.

7. கடைசியாக, அனுமதிகளின் பட்டியலைத் திறந்து வாசியுங்கள்.

இந்த ஏழையும் தாண்டிய செயலியை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடுங்கள். ஒரு வேலைக்கு ஒரு செயலி போதும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

அன்று என் டெப்பில் தோன்றிய படத்தை நான் தேடிப் போகவில்லை. அது என்னைத் தேடி வந்தது. ஆனால் வாசலைத் திறந்து வைத்தது நான். இந்த இரண்டும் உண்மை என்று உம்மா விளங்கிக்கொண்டதுதான் எனக்குப் பெரிய ஆறுதல். உங்கள் பிள்ளையின் திரையில் கூடாத ஒன்றைக் கண்டால் கோபம் வருவது நியாயம். ஆயினும் டெப்பைப் பறிக்கும் முன் "இது எங்கிருந்து வந்தது?" என்று ஒரு தடவை சேர்ந்து பாருங்கள். குற்றம் பிள்ளையுடையதாக இருந்தால் அது அப்போதும் தெரியும். செயலியுடையதாக இருந்தால், டெப்பை அலுமாரியில் வைப்பதால் அது திருந்தப்போவதில்லை.

சகோதரிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். புதிய செயலி ஒன்றை இறக்கும்போது உம்மாவுக்கோ வாப்பாவுக்கோ ராத்தாவுக்கோ காட்டி இறக்குவதில் வெட்கமில்லை. அது நம்மைச் சந்தேகத்திலிருந்து காப்பாற்றும். அன்று எனக்கு ஒரு சாட்சியும் இருக்கவில்லை என்றேன். இப்போது இருக்கிறது, உம்மாவே சாட்சி.

பரீட்சைக்கு நான்கு நாட்கள் இருக்கும்போது டெப் என் மேசைக்குத் திரும்பி வந்தது. அதற்கு முன் அந்தப் பதினைந்து நிமிடப் பரிசோதனையை உம்மா பக்கத்தில் இருந்து பார்த்தார். அனுமதிப் பட்டியலை நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்ல, "இது எதுக்கு அதுக்கு?" என்று கேட்டுக்கேட்டு அவரே விரலால் அணைத்தார். தொலைபேசி இலக்கங்களின் அனுமதி, இடத்தின் அனுமதி, கேமராவின் அனுமதி என்று என் டெப்பில் இருந்த மற்றச் செயலிகளிலும் பதினொன்றை அன்று அணைத்தோம். அவற்றையெல்லாம் எப்போது கொடுத்தேன் என்றே எனக்கு நினைவில்லை.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவை அமானிதம் என்று சிறு வயதிலிருந்து படிக்கிறோம். வாப்பா உழைத்த காசில் வாங்கித் தந்த டெப் ஓர் அமானிதம். அதிலிருக்கும் குடும்பத்தின் படங்களும் அமானிதம். நமக்கென்று தரப்பட்ட தனிமையும், அதை நல்லதற்குப் பயன்படுத்துவாள் என்ற நம்பிக்கையும் அமானிதமே. அடுத்த தடவை 'அனுமதிக்கவா?' என்று திரை கேட்கும்போது, இந்தத் திறப்பை யாரிடம் கொடுக்கிறேன் என்று ஒரு நிமிடம் நின்று யோசிப்போம். பயனுள்ள அறிவைத் தேடும் நம் முயற்சிகளை அல்லாஹ் பாதுகாத்துத் தருவானாக. ஆமீன்.